ஷேடு ரூமில் பொட்டு கூடாது

ஓசூர் சிப்காட்டில் பைக்குகளுக்கு டேங்கும் சைடு கவரும் பெயின்ட் அடித்துத் தரும் கம்பெனி ஒன்றில், பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரே காலையில் பதினான்கு கறுப்பு டேங்குகள் ரிஜெக்ட் ஆயின. எல்லாவற்றிலும் ஒரே குறைதான். நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி. பார்த்து ஒதுக்கியவள் ராஜாத்தி. பெயின்ட் அடித்தவர்கள் ஸ்ப்ரே கன்னைக் கழற்றிக் கழுவினார்கள், பெயின்ட் டின்னை வடிகட்டினார்கள், ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். குவாலிட்டி மேனேஜர் பிரேம்குமார் வந்து டேங்கைத் துடைத்தார், நகத்தால் சுரண்டினார். அவர் கண்ணுக்குப் புள்ளியே தெரியவில்லை. ராஜாத்தி குனிந்து பார்த்தால் பளிச்சென்று தெரிந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேஜை மாதேஸ்வரிதான் கண்டுபிடித்தாள். அது ராஜாத்தியின் நெற்றிப் பொட்டு. கண்ணாடி மாதிரி இருந்த கறுப்பில் தன் பொட்டையே பார்த்துப் பதினான்கு டேங்குகளைக் கழித்துக்கட்டியிருக்கிறாள் புண்ணியவதி.

மறுநாள் ஷேடு ரூம் வாசலில் போர்டு மாட்டிவிட்டார்கள். பொட்டு, வளையல், பூ, நகப்பூச்சு, மருதாணி, எல்லாவற்றுக்கும் படம் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு. நிறம் பார்க்கிற அறையில் வேறு நிறமே இருக்கக்கூடாதாம். சுவர் சாம்பல், மேஜை சாம்பல், மேலே போட்டுக்கொள்ளும் கோட்டும் தலைத்துணியும் சாம்பல். சிரித்தால் பல் மட்டும் வெள்ளையாகத் தெரியும். நல்லவேளை, அதற்குப் படம் போடவில்லை.

மாதேஸ்வரிக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை. வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்புகளில் கூலி வேலை செய்தவர்களின் மகள். பத்தொன்பது வயதில் இந்தக் கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்கு வந்தாள். ஒரு நாள் இரண்டு சைடு கவர்களைக் கையில் எடுத்து, இது ரெண்டும் வேற வேற சிவப்பு, ஒரே பெட்டியில் எதற்கு வைக்கிறீர்கள் என்று கேட்டாள். மெஷின் வைத்து அளந்தால் அவள் சொன்னது சரி. அன்றைக்கே ஷேடு ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். அவள் கண்ணுக்கு அங்கே ஒரு மரியாதை இருந்தது. இன்றைக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது, இன்னும் இருக்கிறது.

அந்த வேலையை வெளியில் சொன்னால் யாருக்கும் புரியாது. மேஜை மேல் முன்பக்கம் திறந்த ஒரு பெரிய பெட்டி இருக்கும். லைட் பூத் என்பார்கள். உள்ளே மூன்று விதமான விளக்கு: பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு மஞ்சள் பல்பு. கடை ட்யூப்லைட்டில் அக்கா தங்கை மாதிரி இருக்கும் இரண்டு சிவப்பு, வெயிலுக்குப் போனால் யாரோ எவரோ ஆகிவிடும். அதனால் மூன்றிலும் ஒத்துப்போனால்தான் வட்டமான பச்சை நிற ஓகே ஸ்டிக்கரை ஒட்டுவாள். ஆறு பீஸ் பார்த்தால் ஒரு தடவை சாம்பல் சுவரைப் பார்த்து இருபது எண்ண வேண்டும். ஏன் என்று பிரேம்குமார் வகுப்பு எடுத்திருக்கிறார். கண்ணுக்குள் மூன்று விதமான ஆட்கள் டியூட்டியில் இருக்கிறார்களாம், சிவப்புக்கு ஒருவன், பச்சைக்கு ஒருவன், நீலத்துக்கு ஒருவன். சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் சிவப்புக்காரன் களைத்து உட்கார்ந்துவிடுவான். அப்போது சுவரைப் பார்த்தால் மற்ற இருவர் சொல்வதுதான் எடுபடும். இல்லாத இடத்தில் பச்சையாகத் தெரியும். பச்சையைப் பார்த்தால் சிவப்பாகத் தெரியும். நிறம் என்பது பாதி பொருளில் இருக்கிறது, பாதி நம் தலைக்குள் இருக்கிறது, அதனால் உங்கள் கண்ணையே முழுசாக நம்பாதீர்கள் என்று சொல்லி முடித்தார் அவர். இதைக் கேட்டுத்தான் சம்பளம் வாங்குகிறோமா என்று ராஜாத்தி முணுமுணுத்தாள்.

தினமும் காலையில் லாக்கரைத் திறந்து வளையலைக் கழற்றி வைப்பாள் மாதேஸ்வரி. நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டுவாள். தாலி மட்டும் கோட்டுக்குள்ளே இருக்கும். சாயந்திரம் அதே பொட்டு, அதே வளையல், கம்பெனி பஸ். வீட்டிலிருந்து கிளம்பும்போது எப்படிப் போனாளோ அப்படியே திரும்பி வருவாள். அதனால் வீட்டில் யாருக்கும் இது ஒரு விஷயமாகத் தெரிந்ததில்லை. புருஷன் கங்கப்பனுக்கு மட்டும் ராஜாத்தியின் பதினான்கு டேங்கு கதையைச் சொல்லி, இருவரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். அப்போது மகள் காவியா சின்னப் பெண்.

கங்கப்பன் பேரிகைப் பக்கத்து ரோஜாவைப் பெங்களூருக்கு ஏற்றிப்போகும் டெம்போ ஓட்டினான். போன ஜனவரியில், பொங்கல் முடிந்து ஒரு வாரம், பெட்டி ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினொன்றரை மணிக்குக் கம்பெனி கேட்டுக்குப் போன் வந்தது. செக்யூரிட்டி ஓடிவந்து கூப்பிட்டதும் மாதேஸ்வரி போட்டிருந்த கோட்டோடு அப்படியே கிளம்பினாள். லாக்கர் அவள் போன வழியில்தான் இருந்தது. அவள் நிற்கவில்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து கங்கப்பனின் அக்கா முனிலட்சுமி பஸ் பிடித்து ஒரு மணிக்கு வந்து சேர்ந்தாள். அவளோடு காவியாவும் வந்தாள், கிருஷ்ணகிரியில்தான் காலேஜ். ஐ.சி.யூ. வாசலில் மாதேஸ்வரி நின்ற கோலத்தைப் பார்த்தாள் முனிலட்சுமி. வெறும் நெற்றி. வெறும் கை. தலையிலிருந்து முழங்கால் வரைக்கும் சாம்பல்.

"என் தம்பிக்கு இன்னும் மூச்சு நிக்கல. அதுக்குள்ள இவ எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டு வந்து நிக்கறா, பாருங்க."

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காவியாவும் பார்த்தாள். மூன்று மணிக்குக் கங்கப்பன் போய்விட்டான். உயிரோடு இருந்தவனை இவள் வெறும் நெற்றியோடு வந்துதான் அனுப்பிவைத்தாள் என்று ஊரில் பேச்சு நிலைத்துவிட்டது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கம்பெனி ரூல் அண்ணி, அவ்வளவுதான். மாதேஸ்வரி சொல்லவில்லை. அன்றைக்கு வாய் வரவில்லை, அப்புறம் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டாள். பதினோராம் நாள் பொட்டழிக்க வந்த பெண்கள் கையைத் தொடும் முன்னால் அவளே இரண்டு கையையும் நீட்டினாள். அவளுக்கு அது ஷிப்ட்டுக்குப் போகிற மாதிரிதான் இருந்தது. அழுகை வரவில்லை. அதையும் முனிலட்சுமி பார்த்தாள். காவியாவும் பார்த்தாள்.

மார்ச் மாதம் காவியா துணிமணிகளை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். தினமும் பஸ்ஸில் போய்வரக் கஷ்டமாக இருக்கிறது என்று காரணம் சொன்னாள். ஒன்றரை வருஷமாகப் போய்வந்த பஸ்தான் அது. போகும்போது தன்னிடம் இருந்த வீட்டுச் சாவியை வாசல் பக்கத்து ஆணியில் மாட்டினாள். மாதேஸ்வரி அதைத் தொடவில்லை. தினமும் அதைத் தாண்டித்தான் செருப்புப் போட்டாள்.

மே மாதம் கம்பெனியில் வருஷக் கண் பரீட்சை வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறும் எண்பத்தைந்து மூடிகளைக் கலைத்துப் போட்டு, வரிசையாக அடுக்கச் சொல்வார்கள். இந்தத் தடவை கண் போயிருக்கும் என்று மாதேஸ்வரி நினைத்தாள். உண்மையில் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். எல்லாம் வெளிறித் தெரிவதற்கு ஒரு காரணமாவது கிடைக்குமே. ஒரு மூடிகூட இடம் தப்பவில்லை. பிரேம்குமார் கை தட்டினார். அன்றைக்குச் சாயந்திரம் பஸ் பாகலூர் ரோட்டில் திரும்பும்போது மே ஃப்ளவர் மரம் ஒன்று உச்சி முதல் அடி வரை பூத்து நின்றது. ஆரஞ்சு பக்கம் கொஞ்சம் சாய்வு, என்று அவள் மனசு குறித்துக்கொண்டது. அவ்வளவுதான். கண்ணுக்கு எல்லா நிறமும் தெரிந்தது. அந்த நிறங்களால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் ஒரு நாள் முன்னாலேயே பூஜை போட்டு லீவு விட்டுவிடுவார்கள். அன்றைக்குக் குடும்பத்தாரையும் உள்ளே விடுவார்கள். கம்ப்ரஸர், ஓவன், கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. லைட் பூத்துக்கு மட்டும் பொட்டு கிடையாது. குங்குமத் தட்டு வரிசையில் வர ஆரம்பித்ததும் மாதேஸ்வரி ஷேடு ரூமுக்குள் போய்விட்டாள். தட்டு தன்னை விட்டுவிட்டு அடுத்தவளிடம் போகிற அந்த ஒரு நொடி அங்கே வராது. உள்ளே போய்ப் பகல் விளக்கைப் போட்டாள். சாம்பல் நிற சைடு கவர் ஒன்று பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தாள், பச்சை ஸ்டிக்கர் ஒட்டினாள்.

அப்போதுதான் ராஜாத்தி கதவைத் தட்டினாள். பின்னால் முனிலட்சுமியும் காவியாவும் நின்றார்கள்.

காவியா ஹாஸ்டலில் சேரப் போகிறாள். அம்மாவின் கையெழுத்து வேண்டும். நாளை முதல் எல்லா இடமும் லீவு. இதை முனிலட்சுமி ராஜாத்தியைப் பார்த்துச் சொன்னாள். மாதேஸ்வரி ஃபாரத்தை வாங்கிப் பார்த்தாள். கார்டியன் என்ற இடத்தில் காவியாவின் கையெழுத்தில் முனிலட்சுமி என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. இதில் கையெழுத்துப் போட்டால் லீவு நாளில்கூட அந்தப் பெண் இந்த வீட்டுக்கு வர வேண்டிய அவசியமில்லை. அது மாதேஸ்வரிக்குப் புரிந்தது. புரிந்தும் பேனாவைத் தேடினாள்.

முனிலட்சுமி வாசல் போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். படிக்கத் தெரியாவிட்டாலும் பொட்டுப் படத்தின் மேல் போட்ட கோடு யாருக்கும் புரியும். இது என்ன என்று கேட்டாள். கேட்டதுதான் தாமதம், ராஜாத்தி தன் பதினான்கு டேங்கு கதையை ஆதியோடந்தமாக எடுத்துவிட்டாள். முனிலட்சுமி சிரிக்கவில்லை. அவளுக்கு இது புதுச் செய்தி. ராஜாத்தி அதோடு விடாமல், பக்கத்திலிருந்த மாதேஸ்வரியின் லாக்கரையும் திறந்து காட்டினாள்.

கதவின் உள்பக்கம் ஒரே ஒரு பொட்டு. கருஞ்சிவப்பு, நடுவில் சின்னக் கல். பொங்கலுக்குக் காவியா வாங்கிக்கொடுத்த அட்டையிலிருந்து எடுத்தது. காவியா அதைத் தொடப் போனாள், தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். கீழ்த்தட்டில் ஆறு வளையலும் அப்படியே இருந்தன.

"சரி. உள்ள இருக்கறப்ப எடுக்கணும், எடுத்த. ஆஸ்பத்திரிக்கு ஓடியாரப்ப ஒட்டிக்கணும்னு தோணலயா உனக்கு? கை நீட்டினா எட்டற எடத்துலதான இருந்திருக்குது."

"தோணல, அண்ணி."

"அதத்தான் ஒம்பது மாசமா நானும் சொல்றன்."

 ராஜாத்தி கொடுத்த ஸ்டூலில் முனிலட்சுமி உட்கார்ந்தாள். மாதேஸ்வரி எதிரே மேஜையில் ஃபாரத்தை நிரப்ப ஆரம்பித்தாள். பெயர், வயது, வீட்டு விலாசம், போன் நம்பர், அப்பா பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற. இரண்டு பக்கம் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று முனிலட்சுமிக்கு வீம்பு. பார்வையைத் திருப்பி, லைட் பூத்துக்குள் கண் கூசும் வெளிச்சத்தில் இருந்த அந்தப் பச்சை ஸ்டிக்கரிலேயே கண்ணைப் பதித்து உட்கார்ந்திருந்தாள். வீம்பு என்றால் அவளுக்கு இமைகூட ஆடாது.

மாதேஸ்வரி கடைசியாகக் கையெழுத்துப் போட்டு, ஃபாரத்தை நீட்டி, "அண்ணி" என்றாள். முனிலட்சுமி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். ஃபாரத்தை வாங்கப் போன அவள் கை அப்படியே நின்றது.

"மாதேசு."

ஒன்பது மாதத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

"உன் நெத்தியில பொட்டு இருக்குது."

வெளியே பூஜை மணி அடித்துக்கொண்டிருந்தது. முனிலட்சுமி ஸ்டூலிலிருந்து எழுந்தாள். காவியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ரோஜா கலந்த சிவப்பாக, வட்டமாக, நடு நெற்றியில் தெரிகிறது என்றாள். தம்பிதான் காட்டுகிறான் என்றாள். பாவி, நான் என்னென்ன பேசிவிட்டேன் என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். காவியா அம்மாவின் நெற்றியைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அத்தையின் அழுகையில் அவள் முகம் இளகியது. தானும் ஃபாரத்துக்காக நீட்டியிருந்த மறு கையைக் கீழே போட்டுவிட்டாள்.

மாதேஸ்வரிக்கு உடனே தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்க்கக்கூடத் தேவையில்லை. பச்சை ஸ்டிக்கர், பகல் விளக்கு, இரண்டு பக்க ஃபாரம் எழுதும் நேரம். பச்சைக்காரன் களைத்து உட்கார்ந்துவிட்டான்.

சும்மா இருந்தால் போதும். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம், வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். முனிலட்சுமி ஊர் முழுக்க இதைச் சொல்வாள். தம்பியே வந்து பொட்டு வைத்துக் காட்டினான் என்றால் அதற்கு மேல் சாட்சி எதற்கு? காவியா வீட்டுக்கு வந்துவிடுவாள். மாதேஸ்வரி மகளின் முகத்தைப் பார்த்தாள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை வருஷத்தில் தப்பான நிறத்துக்கு ஓகே போட்டு ஒரு பீஸைக்கூட அவள் வெளியே அனுப்பியதில்லை. கண்ணைத் தவிர அவளிடம் இப்போது மிச்சம் இருந்ததும் வேறு ஒன்றுமில்லை.

"அது அவரு இல்ல, அண்ணி. உங்க கண்ணுதான்."

பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தால் அப்படித் தெரியும் என்றாள். இப்போது பாருங்கள், போயிருக்கும் என்றாள். முனிலட்சுமி பார்த்தாள். போயிருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை; கையில் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

"சொல்லாம இருந்திருக்கலாமில்ல?"

"இருந்திருக்கலாம்."

முனிலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அப்புறம் மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வது போல, அன்னைக்கும் நீ இப்படி வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம் என்றாள். மாதேஸ்வரி தலையை ஆட்டினாள். அதுவும் உண்மைதான்.

 அத்தை எழுந்த ஸ்டூலில் காவியா போய் உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். மெதுவாக நாற்பது எண்ணு, இமைக்காதே, அப்புறம் எதிர்ச் சுவரைப் பார் என்றாள் மாதேஸ்வரி. வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களுக்குச் சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள்.

காவியா உதடு அசைய எண்ணினாள். கண்ணில் தண்ணீர் கோத்தது, இமைக்கவில்லை. நாற்பது ஆனதும் அவள் சுவரைப் பார்க்கவில்லை. திரும்பி அம்மாவின் நெற்றியைப் பார்த்தாள்.

மாதேஸ்வரி அசையாமல் நின்றாள். பழக்க தோஷம், மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள். மூன்று, நான்கு. இப்போது நன்றாகத் தெரியும். எட்டில் ஓரம் கரைய ஆரம்பிக்கும். பன்னிரண்டில் வெளிறும். இருபதுக்கு மேல் யாருக்கும் நின்றதில்லை. அதனால்தான் ரூலிலேயே இருபது என்று வைத்திருக்கிறார்கள். இருபது வந்தது. இருபத்தைந்து வந்தது. அவள் நெற்றியில் இப்போது ஒன்றுமே இருக்காது, வெறும் நெற்றிதான். முப்பது. நாற்பது.

காவியா இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கேயோ உள்ளே, மரத்துக் கிடந்த காலை நீட்டினால் வலிக்குமே, அப்படி வலித்தது மாதேஸ்வரிக்கு. தாங்க முடியாத வலி. எண்ணிக்கை தப்பிப்போயிற்று.

"அம்மா, என் சாவி அந்த ஆணியிலயே இருக்குதா?"

"இருக்குது."